தைராய்டு மாத்திரை போட்டும் தீராத களைப்பு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி பிடித்தே தலை நரைத்தவள் நான். எனக்கும் தைராய்டு உண்டு. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்று, "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு, ஆனா எனக்கு முடியலையே" என்று கேட்டவர்கள் ஏராளம். பதில் சொல்வது லேப்காரியின் வேலை இல்லை என்று அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. புதிதாக மாத்திரை தொடங்கியவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் முடியாமை நிஜம். ஆனால் பழி முழுவதையும் தைராய்டின் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

1. வேறு நோயைத் தேடும் முன், மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பாருங்கள். தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். காபி அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நம் வீடுகளிலோ காலை மாத்திரை எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவதுதான் வழக்கம். மாத்திரையின் அளவை மாற்றினால் டி.எஸ்.எச். நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தாம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டு "குறையவே இல்லையே" என்று கலங்குவதில் பயனில்லை.

2. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? ரத்தம் எடுக்கும்போது "வேற மாத்திரை ஏதாவது?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லைக்கா" என்பார்கள். கைப்பையைத் திறந்தால் ஜெல்லி மிட்டாய் டப்பா எட்டிப் பார்க்கும். "இது முடிக்குத்தானே, மாத்திரையா?" பல தைராய்டு டெஸ்ட் கிட்கள் பயோட்டினை வைத்தே வேலை செய்பவை. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடுதலாகவும் வரலாம். அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்தால் உங்கள் களைப்பு இன்னும் கூடும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள். அதிக டோஸ் எடுப்பவர்கள் எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது தைராய்டில் சுரப்பதே இல்லை; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அந்தச் சுரப்பியே பழுதானால் டி.எஸ்.எச். 'நார்மல்' என்று காட்டிக்கொண்டே இருக்கலாம், டி4 தரையைத் தொட்டிருக்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தீர்ந்த பெண்களுக்கு இப்படி நடப்பதுண்டு. 1937-இல் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்ததால் ஷீஹன் நோய் என்கிறார்கள். குழந்தைக்குப் பால் சுரக்காமல் போயிருக்கும், மாதவிலக்கு திரும்பி வந்திருக்காது, வருடக்கணக்காகச் சோர்வு இருக்கும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லியே காலம் ஓடியிருக்கும். உங்கள் கதை இதுவானால், பிரசவம் நடந்து இருபது வருடம் ஆகியிருந்தாலும், அந்த ரத்தப்போக்கை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃப்ரீ டி4, அட்ரினல் ஹார்மோனான கார்டிசால் (காலை நேரத்தில்) இரண்டும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கார்டிசால் குறைந்திருந்தால் அதற்குத்தான் முதலில் மருந்து. தைராக்சினை முந்திக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

4. ஹாஷிமோட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்களா? 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ எழுதிவைத்த நோய் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே தாக்கும். இந்த நோய் பெரும்பாலும் தனியாகவே இருக்கும், சிலருக்கு வேறு நோய்களின் துணையோடு வரும். கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல் இருந்தால் பி12 பாருங்கள். மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காமல், வயிறும் சரியில்லை என்றால் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயைப் பற்றிக் கேளுங்கள். தோல் கறுத்து, எடை குறைந்து, எழுந்தால் தலைசுற்றி, உப்புக்கு ஏங்கினால் அது அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயாக இருக்கலாம். அங்கேயும் கார்டிசால்தான் முதலில்.

ஹாஷிமோட்டோவைக் காட்டும் ஆன்டி-டிபிஓ டெஸ்ட் ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்தால் போதும். வருடா வருடம் அதை எடுத்துப் பார்ப்பது, என் கணக்கில், காசுக்குப் பிடித்த கேடு.

5. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். முடி கொட்டவும் களைத்துப்போகவும் அதுவே போதும். தூக்கம் கெட்டாலும் களைப்புதான்; குறட்டை விடுகிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. மனச்சோர்வும் உடம்பு வலியாகத்தான் பல பேருக்கு வெளிப்படுகிறது. டாக்டர் அதைப் பற்றிக் கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து வராதீர்கள்.

6. டாக்டர் அறைக்குள் ஒரே ஒரு தாளோடு போங்கள். உங்களை அதிகம் வாட்டுவது எதுவோ அது முதல் வரியில் இருக்கட்டும். "உடம்பே சரியில்லை டாக்டர்" என்றால் அவருக்குப் பிடி கிடைக்காது. "தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாடி ஏறுவேன், இப்ப ஒரு மாடியிலேயே மூச்சு வாங்குது" என்றால் கேட்கிற கேள்வியே மாறும். கீழே பழைய டி.எஸ்.எச். எண்களைத் தேதி வாரியாக எழுதுங்கள். அதற்கும் கீழே, சாப்பிடும் எல்லா மருந்தும், சித்த மருந்து, லேகியம் உட்பட. இதயத்துக்குக் கொடுக்கும் அமியோடரோன், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் இரண்டும் தைராய்டை ஆட்டிவைப்பவை. அந்த டாக்டர் காது கொடுக்கவில்லையா, அதே தாளோடு இன்னொருவரைப் பாருங்கள்.

7. களைப்பாக இருக்கிறதென்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிப் போடாதீர்கள். தைராக்சின் மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

8. சிலவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், கறுப்பாக மலம் போவது, கழுத்துக் கட்டி வேகமாகப் பெருத்துக் குரல் கம்முவது. இன்னொன்று, தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு: காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். சிலருக்கு அந்த மருந்தால் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.