அயலார் தரவும் மீளாக்கத்தின் இடரும்

செய்நிரலொன்று இயங்குங்கால் அது படைக்கும் பொருள்கள் கணினியின் நினைவகத்திலேயே நிலவுகின்றன; நிரல் நின்றதும் அவையும் மறைகின்றன. அவற்றைக் கோப்பிற் சேமிக்கவோ பிறிதொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமாயின், முதலிற் பைட்டுகளின் வரிசையாக மாற்றுதல் வேண்டும். இது தொடராக்கம் எனப்படும். அவ்வரிசையினின்று பழைய பொருளை மீண்டும் அமைத்துக் கொள்ளுதல் மீளாக்கம் எனப்படும். இவ்விரண்டனுள் இடர் பெரிதும் பின்னையதன்கண்ணே உறைகின்றது. அஃது எவ்வாறென்பதை இங்கு நோக்குவாம்.

மீளாக்கம் என்பது கடிதம் வாசித்தல் போன்றதே என மாணவர் பலர் எண்ணுவர். வாசிப்பதனாற் கேடு விளைவதெங்ஙனம் என வினவவுங் கூடும். ஆயின், கழற்றி அனுப்பப்பட்ட அலுமாரியொன்றை எண்ணிப் பார்ப்போமாக. பலகைகளோடு, அவற்றைப் பூட்டும் முறை எழுதிய தாளொன்றும் வருகின்றது. தச்சன் அத்தாளிற் கண்டவாறே செய்கின்றான். அத்தாளின் நடுவே, "வீட்டுச் சாவியை வாசலில் நிற்பவனிடங் கொடு" என்று எவனோ எழுதிவைத்து, தச்சனும் ஆராயாது அவ்வாறே செய்வானாயின், அலுமாரி நன்றாக அமைந்தும் வீடு பறிபோய்விடும். சில மொழிகளின் மீளாக்கம் இத்தச்சனை ஒத்தது.

பைதன் மொழியிலுள்ள 'பிக்கிள்' என்னும் கூறு இதற்குத் தக்க சான்றாகும். பிக்கிள் கோப்பு வெறுந் தரவன்று. சிறியதோர் அடுக்குப் பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொடராகும். இன்ன கூற்றிலுள்ள இன்ன சார்பை எடுத்து வா என்பது ஒரு கட்டளை. அச்சார்பை இவ்வுள்ளீடுகளுடன் இயக்கு என்பது மற்றொன்று. சிக்கலான பொருள்களை மீள அமைத்தற்கு இவ்வசதி வேண்டப்படுவதே. எனினும், தீயோன் ஒருவன் பொருளை அமைக்குஞ் சார்பின் பெயருக்குப் பதிலாக, பணிசெயல் முறைமைக்குக் கட்டளையிடுஞ் சார்பின் பெயரை எழுதிவிடலாம். கோப்பைத் திறப்பவனின் அதிகாரத்துடனேயே அக்கட்டளை நிறைவேறும். அவன் அணுகத்தக்க கோப்புகள் யாவும் அயலான் கைக்கு எட்டும்.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கேடு நிகழ்வது மீளாக்கம் நடைபெறும்போதே. அது முடிந்த பின்னரன்று. ஆகவே, "திறந்த பின்னர்ப் பொருளைச் சோதிப்போம்" என்பது வெள்ளம் வந்தபின் அணைகட்டுவதை ஒக்கும்.

தரவு தானே சார்பொன்றைப் பெயர்சொல்லி அழைக்க இயலாத மொழியில் இவ்விடர் இல்லையோ எனின், ஆண்டும் உண்டு. ஜாவா மொழியில் ஒரு பொருள் மீளாக்கப்படும்போது அதன் வகுப்பிலுள்ள சில செயல்கள் தாமே இயங்குகின்றன. 2015 ஆம் ஆண்டு ஜனவரியிற் கலிபோர்னியாவில் நடைபெற்ற மாநாடொன்றில், கிறிஸ் புரோகோவ், கேப்ரியல் லோரன்ஸ் என்னும் இருவர் இதனை விளக்கினர். 'அப்பாச்சி கொமன்ஸ் கலெக்சன்ஸ்' என்னும் நூலகத்தில் முன்னரே உள்ள, தனித்தனியே குற்றமற்ற வகுப்புகளைச் சங்கிலிபோற் கோத்து, விரும்பிய கட்டளையை இயக்கலாமெனக் காட்டினர். அவ்வாண்டு நவம்பரில், வெப்லொஜிக், ஜென்கின்ஸ் முதலிய பெயர்பெற்ற சேவையக மென்பொருள்களும் இம்முறையால் தாக்கப்படக்கூடியவை என்பது வெளிப்பட்டது. அந்நூலகத்தைத் திருத்தியமை நன்றே. ஆயினும் நோயின் வேர் நூலகத்தில் இல்லை. எப்பொருளை அமைப்பதென்னும் முடிவை அயலாரின் பைட்டுகளிடம் விட்டதே அவ்வேராகும்.

இனித் தடுக்கும் வழிகளைக் கூறுவாம். முதலாவதும் சிறந்ததும், அயலாரிடமிருந்து வருவனவற்றுக்கு ஜேசன் போன்ற தரவு வடிவங்களைக் கையாள்வதாகும். அவ்வடிவம் எண், எழுத்துத் தொடர், பட்டியல் முதலியவற்றை மட்டுமே தரும். சார்பை அழைக்கும் ஆற்றல் அதற்கில்லை. பெறும் மதிப்புகள் பொருந்துவனவா எனச் சோதித்தல் மட்டும் எஞ்சும். இரண்டாவது, நாமே எழுதி நாமே மீளப்பெறுங் கோப்பாயின், மறைச்சாவியால் முத்திரையிட்டு, திறக்குமுன் அம்முத்திரையைச் சரிபார்த்தல். மூன்றாவது, அனுமதித்த வகுப்புகளின் பட்டியலொன்றை வகுத்து, ஏனையவற்றை மறுத்தல். 2017 இல் வெளிவந்த ஜாவா 9 இதற்குரிய வடிகட்டியை அளித்தது. தீயவற்றை மட்டும் பட்டியலிட்டு விலக்குதல் போதாது. நாம் அறியாத தீயது நாளை முளைக்கும்.

மொழிகளையும் கருவிகளையும் ஆக்குவோரும் இதனை உணர்ந்துள்ளனர். 2024 இல் வெளிவந்த டொட்நெட் 9, 'பைனரி போமேட்டர்' என்னும் பழைய மீளாக்கியின் செயற்பாட்டை நீக்கியது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஏற்றப் பயன்படும் பைடோர்ச், 2025 ஜனவரியில் வந்த 2.6 ஆம் பதிப்பிலிருந்து, வேறுவிதமாகக் கேட்டாலன்றி மாதிரியின் எடைகளை மட்டுமே ஏற்கின்றது.

இச்செய்தி நம் இளைஞருக்கு மிகவும் வேண்டப்படுவது. முகமறியாதார் இணையத்தில் இட்ட மாதிரிக் கோப்புகளை இறக்கி, ஒரே வரியில் திறந்துவிடுதல் இன்று எளிது. அவ்வொரு வரியை எழுதுமுன், "இதனை அனுப்பியவன் என் கணினியில் தான் விரும்பிய நிரலை இயக்க நான் இசைவேனா?" எனத் தம்மையே வினவுவாராக. இசையோம் என்பது விடையாயின், அக்கோப்பைத் திறவாமையே அறிவுடைமையாம்.