மீண்டு வரும் மாணவனுக்குத் துணை நிற்றல்

எமது ஊரிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய மகிழ்ச்சியன்று. வெட்டுப்புள்ளி வெளியான அன்று மாலையே அர்ச்சனைத் தட்டோடு ஆலயத்துக்கு வரும் பெற்றோரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அதே பிள்ளை இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ படிப்பை இடையில் விட்டு வீடு திரும்பி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் அந்தப் பெற்றோர் வெளியே முகம் காட்டுவதில்லை. திருவிழாக் காலத்திலும் கூட்டம் கலைந்த பின்னரே வந்து கும்பிட்டுப் போவார்கள். நெருப்புக் காய்ச்சல் என்றோ, விரிவுரைப் பகிஷ்கரிப்பு என்றோ அயலவர்க்கு ஏதோவொரு காரணம் சொல்லப்படும். உண்மைக் காரணம் மதுவாகவோ, கஞ்சாவாகவோ, ஐஸ் எனப்படும் போதைப்பொருளாகவோ இருக்கலாம்.

போதையின் தீமைகளை எடுத்துரைக்கும் கட்டுரைகள் ஏராளம். வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் விழுந்தபின் எழும்ப முயலும் ஒரு மாணவனுக்கு யார், எப்படிக் கை கொடுப்பது என்பது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதனையே இங்கு நோக்குவோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். போதைக்கு அடிமையாதல் வெறும் கெட்ட பழக்கமன்று. அது மூளையைப் பற்றும் ஒரு நோய். பசி, தாகம், அன்பு ஆகியவற்றால் நாம் பெறும் திருப்தியை உணர்த்தும் அதே நரம்புப் பாதையைப் போதைப்பொருள் கைப்பற்றிக்கொள்கின்றது. ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகப் பருவம் அந்த வயதுக்குள்ளேயே அடங்குகின்றது. வீட்டை விட்டுப் பிரிந்த தனிமை, பகிடிவதை, கையிற் புழங்கும் பணம், பரீட்சைக்கு முன் கண்விழிக்க வேண்டிய இரவுகள் எல்லாம் ஒன்றுசேரும் இடமும் அதுவே. கண்விழித்துப் படிக்க உதவும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஐஸ் பக்கம் போகும் பிள்ளை, அது தீர்ந்ததும் நாட்கணக்கில் உறங்கி, எழும்பும்போது வாழ்க்கையே வெறுத்துப்போய் எழும்புவான். அந்த வெறுப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறுத்துவதிலும் அபாயம் உண்டு. நெடுங்காலம் அளவு மீறிக் குடித்தவரைத் திடீரென அறையில் பூட்டிவைத்து நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு மரணமும் சம்பவிக்கலாம். ஆதலால் மதுவை நிறுத்துவது வைத்திய மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும். ஹெரோயினில் அபாயம் வேறு விதமானது. சில வாரங்கள் நிறுத்தியபின் உடல் பழைய அளவைத் தாங்காது. அந்நிலையில் ஒருமுறை பழைய அளவை எடுத்தாலே மூச்சு நின்றுவிடக்கூடும். சிகிச்சை முடிந்து வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கும் நாட்களே மிகுந்த கவனம் தேவைப்படும் நாட்கள்.

சிகிச்சை பெற்ற மாணவனை மீண்டும் அதே விடுதிக்கு, அதே நண்பர்களிடம் அனுப்பினால் என்ன நடக்கும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில முன்னோடிகள். அங்கே 1935 ஆம் ஆண்டில் ஓகாயோ மாநிலத்து அக்றன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும், இருவரும் குடிநோயாளர், ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசியதிலிருந்து குடிநோயாளரின் சுயஉதவிக் குழுக்கள் தோன்றின. தான் குடிக்காமல் இருப்பதற்கு, விடத் துடிக்கும் இன்னொருவனோடு பேச வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. 1977 இல் பிரவுண் பல்கலைக்கழகம், தாமே குடியிலிருந்து மீண்ட செவ்வியல்துறைப் பேராசிரியர் புரூஸ் டொனவன் அவர்களை இத்தகைய மாணவர்க்குப் பொறுப்பான பதவியில் அமர்த்தியது. நியூ ஜேர்சியிலுள்ள றட்கேர்ஸ் பல்கலைக்கழகம் 1983 இல் மாணவர்க்கான ஆலோசனைத் திட்டத்தை ஆரம்பித்து, 1988 இல் மீண்டு வருவோருக்கெனத் தனி விடுதியையே அமைத்தது. மதுவும் போதையும் நுழையாத அவ்விடுதியில் வசிப்பவர் அனைவரும் ஒரே பாதையில் நடப்பவர்கள். ரெக்சாஸ் ரெக் பல்கலைக்கழகம் 1986 இல் தொடங்கிய திட்டத்தில் வளாகத்தினுள்ளேயே குழுக் கூட்டங்களும், மீண்டு வருவோருக்குப் புலமைப்பரிசில்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின.

இவற்றிற் புலமைப்பரிசில் என்பதை வாசிப்போர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் இப்படியான பிள்ளையை வகுப்பிலிருந்து நீக்குவது பற்றியே பேசுகின்றோம். அவர்களோ போதையின்றி ஒரு தவணையைக் கடப்பது சித்தியடைவதற்கு ஒப்பான சாதனை என மதித்துப் பணமும் கொடுக்கின்றார்கள். படிப்பும் மீட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல, ஒன்றையொன்று தாங்குபவை என்பது அவர்களின் துணிபு. நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய ஒப்படை ஒன்று கையில் இருப்பதே சிலருக்கு இன்றைய இரவைக் கடக்கத் துணையாகும்.

எமது நாட்டில் இவ்வாறான தனி விடுதிகளை எதிர்பார்க்க இயலாது. இருப்பவற்றையாவது நாம் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் சுகாதார நிலையமும், விரிவுரையாளர்களிலிருந்து நியமிக்கப்பட்ட மாணவ ஆலோசகர்களும் உளர். அரசாங்க வைத்தியசாலைகளில் உளநல வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணமில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 1984 இல் உருவாக்கப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி முதலிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்தி வந்துள்ளது. தற்கொலை எண்ணம் தலைதூக்கும் வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பீடத்துக்கு வைத்தியச் சான்றிதழைக் காலந்தாழ்த்தாது சமர்ப்பிப்பது மிக முக்கியம். ஊர் அறிந்துவிடுமே என்ற வெட்கத்தால் அதனை ஒளித்து வைத்து, பரீட்சைக்கும் தோற்றாமல், ஈற்றில் பதிவையே இழப்பது வீண் இழப்பாகும். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது.

இனி வீட்டுக்கு வருவோம். எம்மவர் மத்தியில் மூன்று மருந்துகள் உலவுகின்றன. முதலாவது கலியாணம். கட்டிவைத்தால் திருந்திவிடுவான் என்று பெரியவர்கள் கூறுவர். இது அவனுக்குச் சிகிச்சையுமன்று, வருகின்ற பெண்ணுக்கு நீதியுமன்று. எவரோ பெற்ற பிள்ளையை மருந்துக் குளிசையாகக் கருதுவதை இனியாவது நிறுத்துவோமாக. இரண்டாவது வெளிநாடு. அங்கும் போதை கிடைக்கும். தட்டிக் கேட்க அம்மா மட்டும் இருக்க மாட்டாள். மூன்றாவது நேர்த்திக்கடன். நூல் கட்டுவதையும் விரதம் இருப்பதையும் குறைசொல்வதற்கில்லை, மனதுக்கு அது உறுதி தரும். ஆனால் நூல் கட்டிய கையோடு வைத்தியசாலைக்கும் கூட்டிச் செல்ல வேண்டும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தியோ அனுப்பும் காசு நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகாதிருப்பது நல்லது. விடுதிக் கட்டணத்தையும் சாப்பாட்டுக் கடைக் கணக்கையும் பெற்றோரே செலுத்தலாம். இதனைத் தண்டனையாகச் செய்யாமல் அவனோடு கதைத்து, சில மாதங்களுக்கு என்று நாள் குறித்துச் செய்தால் அவனுக்கும் சம்மதமாக இருக்கும். விடத் துணிந்த பல பிள்ளைகள் தாமாகவே இதனைக் கேட்பதுண்டு.

மீண்டும் ஒருநாள் வழுக்கி விழுந்தால்? விழலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களும் கட்டுப்பட்டபின் சிலவேளை மறுபடி ஏறுவதில்லையா? அன்று அவனிடம் கேட்க வேண்டியது “ஏனடா எங்களை இப்படிச் செய்தாய்” என்பதன்று. “நேற்று எங்கே போனாய் தம்பி, யாரோடு இருந்தாய், அதற்கு முன் என்ன நடந்தது” என்பதே. அதன் பதிலில்தான் அடுத்த முறை தவிர்க்க வேண்டிய சந்தியும் நேரமும் தெரியவரும். சிலருக்கு அது மகாபொலப் பணம் கைக்கு வரும் நாள். சிலருக்குப் பரீட்சை முடிந்த மாலை. இன்னும் சிலருக்கு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், எமது பூங்காவனத் திருவிழா இரவில் வெளிவீதிக்கு அப்பால் இருட்டில் கூடும் கூட்டம்.

அவ்விரவில் அவனுக்கு ஒரு வேலை இருக்கட்டும். தண்ணீர்ப்பந்தலிலோ, மடைப்பள்ளியிலோ, வாகனச் சோடனையிலோ விடியும்வரை நிற்க வேண்டிய ஒரு வேலையைத் தொண்டர் சபையினர் அவனிடம் ஒப்படைக்கலாம். பழைய கதை எதுவும் கேட்க வேண்டாம். பக்கத்தில் நம்பிக்கையான ஒரு அண்ணனை நிறுத்தி, “தம்பி, விடியற்காலைப் பூசைக்கு நீதான் பூக்கூடை எடுத்து வர வேண்டும்” என்று சொல்லி வைத்தால் போதும்.