நோய்ப் பெருவெள்ளமும் மருத்துவமனை வாயிலும்

உடம்பெடுத்தார் எவர்க்கும் நோய் வருதல் இயற்கை. ஆயினும் ஒருவர்க்கு வரும் நோய் வேறு. ஊர்க்கு வரும் நோய் வேறு. ஒருவர் நோயுற்றால் சுற்றத்தார் பலர் கூடித் தாங்குவர். ஊரே நோயுற்றபோதோ தாங்குவோரும் தளர்வர்; மருத்துவரும் படுக்கையும் மருந்தும் தேவைக்குப் போதா. அத்தகைய காலத்தில் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எம்முறை கையாளப்படல் வேண்டும் என்பதையும், அம்முறையை மருத்துவர் அல்லாத நாமும் அறிந்திருத்தல் ஏன் இன்றியமையாதது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1918-ஆம் ஆண்டு சூன் திங்களில் பம்பாய் நகரில் தலைகாட்டிய இன்புளுவென்சா, நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் கொரோனா நோய் தமிழ்நாட்டில் முதன்முதற் கண்டறியப்பட்டது. மறுவாண்டு எழுந்த இரண்டாம் அலையில், மே 21-ஆம் நாள் மட்டும் 36,184 பேர்க்கு அந்நோய் உறுதியாயிற்று. இவருள் பெரும்பாலார் வீட்டிலிருந்தே குணமடையத்தக்கவர். எனினும் மூச்சுத் திணறினார் அனைவரும் ஒரே காலத்தில் பெருநகர் மருத்துவமனைகளை நாடியமையால், சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் முன் ஆம்புலன்சுகள் வரிசையாய் நின்றன. உள்ளே படுக்கை ஒழியுந்துணையும் நோயாளிகள் அவ்வண்டிகளிலேயே பிராணவாயு பெற்றுக் காத்துக் கிடந்தனர்.

இந்நிலையை விளங்கிக்கொள்ள நம் நாட்டு ஆறே உவமையாகும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் 1836-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற மேலணை, காவிரியில் வரும் மிகுவெள்ளத்தைக் கொள்ளிடத்திற் செலுத்திச் சோணாட்டு வயல்களைக் காக்கின்றது. வெள்ளம் முழுவதும் ஒரு வாய்க்காலிற் புகுமாயின் கரை உடையும், பயிரும் அழியும். நோய்ப் பெருவெள்ளமும் அத்தகையதே. அதனைப் பகுத்துச் செலுத்தும் அணையாக மருத்துவமனை வாயில் அமைதல் வேண்டும். அதற்குரிய முறைகளை ஒவ்வொன்றாய் நோக்குவாம்.

முதலாவது, தரம் பிரித்தல். முந்தி வந்தார்க்கு முந்திச் சிகிச்சை என்பது கடைத்தெருவிற்குப் பொருந்தும். அவசரப் பிரிவிற்குப் பொருந்தாது. நெப்போலியன் படையில் மருத்துவராயிருந்த லாரே என்பார், புண்பட்ட வீரரைப் பதவி நோக்காது புண்ணின் கடுமை நோக்கியே முறைப்படுத்தினார். அம்மரபே இன்று எங்கும் பரவியுள்ளது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பகுதிகள் வகுக்கப்பெற்றுள்ளன. உடனே கவனியாவிடின் உயிர் நீங்குவார் சிவப்பிலும், சிறிது பொறுக்கத்தக்கார் மஞ்சளிலும், நடந்து செல்ல வல்லார் பச்சையிலும் சேர்க்கப்படுவர். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஒருங்கே எண்ணிச் செய்தல் மருத்துவன் கடன் என்றார். தரம் பிரித்தலின் கருத்து இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றது.

கொரோனாவில் இவ்வளவைக் காண்பதற்கு விரல்நுனியில் மாட்டும் பல்சு ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி பெருந்துணை புரிந்தது. குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு நூற்றுக்கு 90 முதல் 93 வரையாயின் நடுத்தர நோய் என்றும், 90-க்குக் கீழாயின் கடுநோய் என்றும் நம் நாட்டு விதிகள் வகுத்தன. மூச்சு நிமிடத்திற்கு 24 முறையை எட்டுவதும், 30-ஐக் கடப்பதும் முறையே அவ்விரு நிலைக்கும் அடையாளங்களாம். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இந்நோயிற் சிலர்க்குப் பிராணவாயு மிகக் குறைந்தும் திணறல் தோன்றுவதில்லை; அவர் அமைதியாய் உரையாடிக்கொண்டிருப்பர். ஆதலின், உரக்கக் கதறுவார் யாவரும் மிக நலிந்தவர் அல்லர். வாளா அமர்ந்திருப்பார் யாவரும் நலமுடையாரும் அல்லர். ஒருமுறை பிரித்ததனோடு அமையாது, காத்திருப்பாரை அடிக்கடி மீண்டும் சோதித்தலும் வேண்டும். பச்சையில் இருந்தவர் சில மணி நேரத்தில் சிவப்பிற்கு மாறுதல் கூடும்.

இரண்டாவது, நோய் பரவாது காத்தல். 2003-ஆம் ஆண்டு மார்ச்சில் கனடா நாட்டுத் தொரான்டோ நகரில், சார்சு நோய் என்று அறியப்படாத ஒருவர் அவசரப் பிரிவிற் பல மணி நேரம் கிடந்தார். அருகிருந்த நோயாளிகளுக்கு அந்நோய் தொற்றியது. 2015-ஆம் ஆண்டு மே இறுதியில் தென்கொரியாவின் சியோல் நகரில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. நெரிசல் மிக்க அவசரப் பிரிவில் இருந்த ஒரு மெர்சு நோயாளியால் மூன்று நாட்களுள் 82 பேர் நோயுற்றனர். அவருள் 33 பேர் பிற நோயாளிகள். 8 பேர் மருத்துவப் பணியாளர். எஞ்சிய 41 பேரும் பார்க்க வந்தவரும் உடனிருந்தவருமே. ஒரு நோயாளியோடு சுற்றத்தார் ஐவர் உடன் செல்லும் வழக்கமுடைய நாம் இக்கணக்கை மறத்தல் ஆகாது. காய்ச்சல் உடையார்க்குத் தனி வாயில், முகக்கவசம், காற்றோட்டமுள்ள இடம், உடனிருப்பார் ஒருவர் என்னும் வரையறை ஆகியன கடுமையல்ல; காப்பேயாம். துப்புரவுத் தொழிலாளர் முதல் தலைமை மருத்துவர் ஈறாக அனைவர்க்கும் காப்புடை அளித்தலும் இதன்பாற்படும். பணியாளர் ஒருவர் படுத்தால், அவர் காத்திருக்கக்கூடிய பலர் கைவிடப்படுவர் அன்றோ?

மூன்றாவது, பிற நோயாளிகளை மறவாமை. பெருந்தொற்றுக் காலத்தும் மாரடைப்பும் மகப்பேறும் நிற்பதில்லை. லால்குடியைச் சூழ்ந்த நெல்வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் பாம்பு தீண்டுவதும் நிற்பதில்லை. கொரோனாச் சோதனையின் முடிவு வரும்வரை இவர்களை வாயிலில் நிறுத்திவைப்பின், தொற்றால் இறவாதார் அச்சத்தால் இறப்பர். வந்தார் எவரையும் தொற்றுடையார் எனவே கொண்டு, காப்புடை அணிந்து, உடனே சிகிச்சை தொடங்குவதும், சோதனையை அதனுடன் நடத்துவதுமே நேரிய நெறியாம்.

நான்காவது, சுமையைப் பகுத்தல். 2021-ஆம் ஆண்டு மே திங்களில் அரசினர், 104 என்னும் எண்ணோடு இணைந்த கட்டளை மையத்தின் வாயிலாக எங்குப் படுக்கை உளது என்று அறிந்து நோயாளிகளை அனுப்பினர். சென்னைப் பொது மருத்துவமனையில், வந்தவரை வண்டியிற் காக்க வையாது உடனே இறக்கிப் பிராணவாயு அளிக்கத் தாமதமில்லாச் சிகிச்சைப் பிரிவு ஒன்றும் அமைக்கப்பட்டது. நம் பகுதிக்கும் இதுவே பாடம். லால்குடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அம்மருத்துவமனை, மாவட்டம் முழுவதற்கும் புகலிடமாம். சிறு காய்ச்சலுடையார் யாவரும் கொள்ளிடத்தைக் கடந்து அங்கே சென்று குவிந்தால், உயிர்க்குப் போராடுவார்க்கு அங்கு இடமிராது. லால்குடி, திருவரங்கம் அரசு மருத்துவமனைகளில் முதற்கண் காட்டி, கடுநோயென அறிந்த பின்னரே 108 வண்டியில் முன்னறிவிப்போடு செல்லுதல் இருதிறத்தார்க்கும் நன்று.

சிகிச்சையிலும் இம்முறை வேண்டப்படுவதே. பிராணவாயு அளித்தலும், குப்புறப் படுக்கச் செய்தலும் நலிந்தார்க்குத் துணையாயின. டெக்சாமெதசோன் என்னும் எளிய மருந்து, செயற்கை மூச்சுக் கருவியிலிருந்தாரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றாரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததென 2020-ஆம் ஆண்டு சூனில் இங்கிலாந்து ஆராய்ச்சி காட்டியது. பிராணவாயு வேண்டாதார்க்கோ அம்மருந்தால் நலம் காணப்படவில்லை. மருந்து ஒன்றேயாயினும், உரியார்க்கு உரிய காலத்திற் கொடுத்தாலன்றி அது மருந்தாகாது.

நிற்க. தரம் பிரித்தல் இரக்கமற்ற செயலன்றோ எனச் சிலர் வினவுவர். தன் தந்தையைச் சுமந்து வந்த மகனிடம், “சற்றுப் பொறும்” என்பது எளிதன்று. கேட்டல் அதனினும் எளிதன்று. அம்மகனுக்குத் தன் தந்தை ஒருவரே உலகு. வாயிலில் நிற்கும் செவிலியர்க்கோ வந்தார் அனைவரும் தந்தையர். முறை ஒன்று இல்லையாயின், அவ்விடத்திற் செல்வமும் பரிந்துரையும் உரத்த குரலுமே முறையாகிவிடும். அப்பொழுது முதலில் இறப்பவன் பரிந்து பேச ஆளில்லாத ஏழையே. ஆகவே தரம் பிரித்தல் இரக்கத்தின் பகையன்று. இரக்கம் பலர்க்கும் பங்கிடப்படும் வழியே ஆகும். ஆயினும் காத்திருப்பாரிடம், ஏன் காத்தல் வேண்டும், எப்பொழுது மீண்டும் பார்ப்பர், எக்குறி கண்டால் உடனே அழைத்தல் வேண்டும் என்பவற்றை இன்சொல்லாற் கூறுதல் மருத்துவமனையின் கடன். காரணம் கூறாத முறை, கேட்பார் செவிக்குப் புறக்கணிப்பாகவே படும்.

மாணவ நண்பர்காள்! 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், கொரோனாவால் நேர்ந்த உலக அவசர நிலை முடிவுற்றதென உலக நல நிறுவனம் அறிவித்தது. வெள்ளம் வடிந்த பின்னரே கரையைச் செப்பனிடுதல் உழவர் வழக்கம். நம்மிற் பலர் மருத்துவர் ஆகமாட்டோம். எனினும் மருத்துவமனை வாயிலில் ஒருநாள் நிற்கவேண்டி வரும். அந்நாளில் நம் முறையை நாம் காத்து நிற்பதும், நம்மினும் நலிந்தார்க்கு வழிவிடுவதும், எழுத்தறியாத முதியோர்க்கு அம்முறையை எடுத்துரைப்பதும் நாம் கற்ற கல்விக்குப் பயனாம். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்கினைச் சேர்த்தே மருத்துவம் என்றார் வள்ளுவர். அந்நான்காம் இடம் நமக்கு உரியது.