சண்டைமீனின் கிழிந்த துடுப்பு

சென்ற கோடை விடுமுறையில் என் பெயரன் பிறந்தநாள் பரிசாக நீலநிற மீன் ஒன்றைப் பெற்று வந்தான். ஒரு லிட்டர் நீர்கூடக் கொள்ளாத கண்ணாடிக் குடுவை. அதனுள் பட்டு முந்தானையை விரித்தாற்போல நீண்ட வாலுடன் ஒரு சண்டைமீன். கடைக்காரர்கள் இதனை 'ஃபைட்டர்' என்று அழைப்பர். சென்னைக் கொளத்தூரில் மீன் விற்கும் தெருக்களில், தனித்தனிப் புட்டிகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் இம்மீன்களை வாசகர் பலர் கண்டிருக்கக் கூடும்.

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நம் இல்லங்களில் மீனைச் சிறை வைத்து வளர்த்தல் தகுமா என்னும் வினா தனியே ஆராய்தற்குரியது. தகாது என்பதே என் எண்ணம். ஆயினும் பரிசாகவோ குழந்தையின் பிடிவாதத்தாலோ ஓர் ஐயறிவுயிர் நம் வீட்டிற்குள் வந்துவிட்டபின், அது நலிவுற்றால் செய்யத்தக்கது யாது? அதனைக் குறித்தே இங்கு எழுதுகிறேன்.

பத்தாம் நாள் அதன் வாலோரம் கிழிந்திருக்கக் கண்டோம். மீன் கெட்ட நீரில் இருப்பதால்தான் இந்நிலை என்று நானே முடிவு செய்து, நாள்தோறும் குடுவை நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, உள்ளே சோப்பிட்டுத் தேய்த்து, குழாய் நீரை நேரே பிடித்து நிரப்பினேன். போதாக்குறைக்கு ஒரு சிட்டிகை மஞ்சளும் இட்டேன். ஐந்து நாளில் வாலில் பாதி போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவள் செய்த பிழை இது. காரணம் அறியாமல் மருந்து தேடலாகாது என்று ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

மீனின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இதன் தாயகம் தாய்லாந்து. அங்குள்ள நெல்வயல்களிலும், செடிகள் அடர்ந்த ஆழமற்ற நீர்நிலைகளிலும் வாழ்வது. அந்நாட்டார் இதனைப் 'பிளா காட்', அதாவது கடிக்கும் மீன் என்பர். 2019ஆம் ஆண்டில் தம் நாட்டின் நீர்வாழ் உயிர்ச் சின்னமாகவும் அறிவித்தனர். இயற்கையில் வாழும் சண்டைமீனுக்கு இத்துணை நீண்ட துடுப்புகள் கிடையா. அழகு கருதி மனிதர் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதன் விளைவே இவ்வால். நமக்கு அது அணிகலன். மீனுக்கு அது சுமை.

செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் இம்மீன் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. இதனாலேயே 'சிறு புட்டி போதும்' என்னும் தவறான எண்ணம் பரவியுள்ளது. மூச்சுக்குக் காற்று கிடைக்கலாம். கழிவுக்குப் போக்கிடம் ஏது? மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சிறு குடுவையில் அது விரைவில் மிகுந்து செவுளையும் துடுப்பையும் அரிக்கும். பெரிய தொட்டியில் வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை நன்கு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். நான் சோப்பிட்டுத் தேய்த்தபோது அவ்வுயிர்கள் ஒட்டுவதற்கே இடம் வைக்கவில்லை. குழாய் நீரிலுள்ள குளோரினோ மீனின் மேனியில் உள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தையும் செவுளையும் புண்ணாக்கியது.

அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் மீன் வளர்ப்பில் பழகியவர். அவர் வந்து பார்த்து, "அம்மா, முதலில் இது கிழிசலா, அழுகலா என்று பாருங்கள்" என்றார். நல்ல ஆசிரியர் கேட்கும் கேள்வி அது. கூர்மையான பொருளில் மாட்டிக் கிழிந்திருந்தால் ஓரம் தெளிவாக இருக்கும், நாள்தோறும் வளராது. அழுகலாயின் ஓரம் கருத்தோ சிவந்தோ வெளுத்தோ பிசிறு பிசிறாகத் தோன்றி, வால் நாளுக்கு நாள் குறுகும். ஓரிரவில் பிறைவடிவத் துண்டு காணாமற் போயிருந்தால் மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது என்று ஐயுறலாம். கண்ணாடியில் தன் உருவத்தையே பகை மீன் என்று கருதி ஓயாமல் சீறும் மீன்களிடம் இதைக் காணலாம். குடுவையின் ஒரு பக்கத்தைத் தாளால் மறைத்தாலே அடங்குவதுண்டு.

எங்கள் மீனுக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. குடுவையிலிருந்த நெகிழிச் செடியின் மீது பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றை இழுத்துப் பார்க்கச் சொன்னார். நூல் மாட்டிற்று. நூல் மாட்டும் இடத்தில் துடுப்பும் மாட்டும். கிழிந்த இடத்தில், கெட்ட நீர் காரணமாக அழுகல் புகுந்துவிட்டது.

அன்றே இருபது லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு மாற்றினோம். மெல்ல ஓடும் பஞ்சு வடிகட்டி ஒன்று பொருத்தினோம். நீரோட்டம் வலிதாயின் நீண்ட வாலுடைய மீன் களைத்துப் போகும். நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் மாறாதிருத்தல் நலம். புதுத் தொட்டியாதலால் முதல் மூன்று வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினோம். புது நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து, தொட்டி நீரின் வெப்பத்திற்கு வந்தபின் மெதுவாக ஊற்றுதல் வேண்டும். பஞ்சு அடைத்துக்கொண்டால் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

கல்லுப்பு உதவும், ஆனால் அளவோடு. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தனிப் பாத்திரத்தில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பத்து நாளுக்கு மேல் வேண்டா. உப்பு ஆவியாகாது, ஆகவே நீர் மாற்றும்போது வெளியே எடுத்த நீரின் அளவுக்கே மீண்டும் உப்பிட வேண்டும். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவி இடுதலும் தாய்லாந்தில் மீன் வளர்ப்போரின் பழக்கம். நீர் தேநீர் நிறமாகும், அஞ்ச வேண்டா. மரத்திற்கும் ஊறில்லாத மருந்து என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தது. மனிதருக்குரிய கிருமிக்கொல்லி மாத்திரைகளை ஊகமாகக் கரைத்து ஊற்றலாகாது. வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களும் அதனால் அழியக்கூடும். அழுகல் துடுப்பின் அடிவரை சென்று உடலைத் தொட்டாலோ, மீன் உண்ணாது கிடந்தாலோ கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இனி நமக்கு இடர்ப்பாடான செய்தி. இம்மீன் ஊனுண்ணி. இரக்கத்தால் சோற்றுப் பருக்கையும் இட்டிலித் துணுக்கும் இடுவோர் உளர். அவை மீனுக்குச் செரியா, நீரையும் கெடுக்கும். புதுத் துடுப்பு வளரப் புரதம் வேண்டும். கடைகளில் உயிருடன் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்களை என் கையால் இடுதற்கு மனம் ஒப்பவில்லை; இரண்டறிவாயினும் உயிர் உயிரே. உலர்ந்த குருணைத் தீவனத்தையே வாங்கினோம். அதிலும் மீன்தூள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பசியால் ஓருயிரைச் சாகவிடுதலும் அறமன்று என்று எண்ணி இதற்கு உடன்பட்டேன்; மனநிறைவோடு அன்று. வாங்குமுன் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. காலையில் மூன்று குருணை, பொழுது சாயுமுன் மூன்று குருணை. இரவுணவு நீக்கிய நம் வீட்டு வழக்கம் மீனுக்கும் பொருந்திவிட்டது. அதுவும் பகலில் உண்டு இரவில் உறங்கும் உயிர்தான். எஞ்சியதை உடனே எடுத்துவிடுக.

'ஏரியில் விட்டுவிட்டால் புண்ணியம்' என்றார் உறவினர் ஒருவர். அயல்நாட்டு மீன், வாலும் புண்பட்டது. கொக்குக்கு இரையாகும், அல்லது நம் ஏரி மீன்களுக்கு நோயைப் பரப்பும். வளர்க்க இயலாதவர் பழகிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

மூன்றாம் வாரம் பெயரன் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் ஓடி வந்தான். நீல வாலின் ஓரத்தில் நிறமற்ற, கண்ணாடி போன்ற மெல்லிய விளிம்பு ஒன்று தெரிந்தது. அதுவே புதுத் துடுப்பு. நிறம் பின்னரே ஏறும். அதனை அழுகலின் வெளுப்பு என்று மயங்கி மீண்டும் உப்பிடச் சிலர் விரைவர். வெளுப்பு மங்கலாகப் பிசிறுடன் இருக்கும். புது வளர்ச்சியோ ஒளி ஊடுருவும், ஓரமும் சீராக இருக்கும். பெயரன் நாள்தோறும் அதனை வரைந்து நாளிட்டு வைக்கிறான். பழைய நீளம் இன்னும் வரவில்லை.