டேப் மாறினால் டைமர் தூங்குமா?

கேள்வி: வீடு பட்டர்வொர்த்தில், வேலை ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ பக்கம். ஃபெரி நேரப் பக்கத்தின் மேல் 'இன்னும் இத்தனை நிமிடம்' என்று காட்ட, பிரௌசர் நீட்டிப்பான டாம்பர்மங்கியில் ஸ்கிரிப்ட் எழுதினேன், ஐயா. அதே வரிகள் கன்சோலில் ஓடுகின்றன. டாம்பர்மங்கியில் 'டிக் இஸ் நாட் டிஃபைன்ட்' என்று சிவப்பில் வருகிறது. ட்ரை-கேட்ச்சும் பிடிக்கவில்லை. கன்சோலில் ஓடும்போதும், வேறு டேப்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் எண்ணிக்கை பின்தங்கியிருக்கிறது. ஒருநாள் ஃபெரியையே விட்டுவிட்டேன்.
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் ஸ்கிரிப்ட்டில், டைமர் வைக்கும் செட்இன்டர்வலுக்குள் "டிக்()" என்று மேற்கோள் குறியோடு கொடுத்திருக்கிறீர்கள், தம்பி. மேற்கோளுக்குள் இருப்பது ஃபங்ஷன் இல்லை, வெறும் எழுத்து. நேரம் வந்ததும் பிரௌசர் அதைக் குளோபல் ஸ்கோப்பில் வைத்து ஓட்டும். டாம்பர்மங்கியோ உங்கள் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்து ஓட்டுகிறது. உள்ளே அறிவித்த டிக் வெளியே தெரியாது. கன்சோலில் ஒட்டும்போது டிக் குளோபலாகவே அமைவதால் ஓடிவிடுகிறது.

மேற்கோளையும் அடைப்பையும் எடுத்துவிட்டு, டிக் என்ற பெயரை மட்டும் கொடுங்கள். அடைப்பு மிச்சமிருந்தால் டிக் அங்கேயே ஒருமுறை ஓடி முடிந்துவிடும். சிலர் டிக்கை விண்டோவில் மாட்டிச் சமாளிப்பார்கள். வேண்டாம், பக்கத்தின் சொந்த ஸ்கிரிப்ட்டில் அதே பெயர் இருந்தால் அதை அழித்துவிடுவீர்கள்.

ட்ரை-கேட்ச் காவல் காப்பது டைமரை வைக்கும் வரியை மட்டும். அது முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் டிக் ஓடுகிறது. ட்ரையை டிக்குக்குள் வையுங்கள்.

ஃபெரியை விட்டதற்குக் காரணம் வேறு. எனக்கு இதுதான் பெரிய பிழையாகப் படுகிறது, ஏனென்றால் இதற்குச் சிவப்பு எழுத்தே வராது. 2021இல் வந்த க்ரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேப்பில் இப்படிப்பட்ட டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். நீங்களோ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு நொடி குறைக்கிறீர்கள். 20 நிமிடம் வேறு டேப்பில் இருந்தால், கடைசி 15 நிமிடத்துக்கு உங்கள் கணக்கில் குறைவது ஏறக்குறைய 15 நொடி!

நொடிகளை எண்ணவே வேண்டாம். டிக் ஓடும் ஒவ்வொரு முறையும், ஃபெரி நேரத்திலிருந்து டேட்.நவ் தரும் நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். விசிபிலிட்டிசேஞ்ச் ஈவென்ட்டிலும் டிக்கைக் கூப்பிட்டால், டேப்புக்குத் திரும்பியதும் சரியான நிமிடம் தெரியும். ஃபெரி நேரத்தோடு +08:00 சேர்த்து எழுதுங்கள்; ஆபீஸ் லேப்டாப் வேறு நாட்டு நேரத்தில் இருந்தாலும் கணக்குப் பிசகாது.