ஆயிரம் பேருக்கு என்ன வேலை?

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய விளையாட்டுத் திட்டத்தை முழுவதும் படித்தேன். நாற்பது குவெஸ்ட், ஆறு நாடுகள், மாதத்துக்கு ஒரு புதிய அரக்கன் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக வரைந்திருக்கிறாய். கல்லூரிப் படிப்புக்கு நடுவே இவ்வளவு செய்திருக்கிறாயே என்று பெருமையாக இருந்தது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. முதல் பக்கத்தில் ‘ஆயிரம் பேர் சேர்ந்து வாழும் உலகம்’ என்கிறாய். அடுத்த பக்கங்களில் அந்த ஆயிரம் பேருக்கு வேலையே இல்லை. நாற்பது குவெஸ்டையும் ஒருத்தி தனியாகவே ஆடி முடித்துவிடலாம். பக்கத்தில் ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மாதம் ஒரு அப்டேட் கொடுத்தால் ஆட்டக்காரர்கள் போகமாட்டார்கள் என்று நம்புகிறாய். கணக்கு அப்படி வராது. நீ மாதம் முழுக்க உட்கார்ந்து சுடும் பலகாரத்தை அவர்கள் ஒரே பந்தியில் காலி செய்துவிடுவார்கள். பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடுதான். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004 நவம்பரில் வந்தது. அதன் முதல் விரிவாக்கமான ‘தி பர்னிங் க்ருசேட்’ 2007 ஜனவரியில் வந்தது. அதில் கூடுதலாகக் கொடுத்த பத்து லெவல்களை வேகமான சிலர் இரண்டு நாளுக்குள் ஏறி முடித்துவிட்டார்கள். அதை உருவாக்கிய பிளிசார்டிடம் பணமும் ஆட்களும் இருந்ததால் தாக்குப்பிடித்தது. உன்னிடம் மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ‘ஈவ் ஆன்லைன்’ பக்கம் வா. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு அது. அங்கே பறக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களே கட்டியவை. ஒருவர் சிறுகோளைக் குடைந்து தாது எடுப்பார், இன்னொருவர் அதை உருக்குவார், மூன்றாமவர் கப்பல் கட்டிச் சந்தையில் விற்பார். போரில் உடைந்த கப்பல் உடைந்ததுதான், திரும்ப வராது. மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு விதியைத்தான் நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கப்பல் அழிவதால்தான் தாது எடுப்பவருக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது. சரக்குக்கு ஆபத்து இருப்பதால் காவலுக்கு ஆள் வேண்டும். காவலுக்குக் கூட்டணி வேண்டும். கூட்டணி என்று வந்துவிட்டால் உளவாளியும் வருவான், பேச்சுவார்த்தையும் வரும், துரோகமும் வரும். இவற்றில் எதையும் யாரும் குவெஸ்டாக எழுதி வைக்கவில்லை.

2014 ஜனவரி 27 அன்று அங்கே ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்த போரைப் பற்றி நீயே தேடிப் படி. அந்த மண்டலத்தின் மீதான உரிமைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனது. அவ்வளவுதான் காரணம். எதிரணி பாய்ந்தது, இரு பக்கமும் படை திரண்டது. சண்டை 21 மணி நேரம் நீடித்தது. ஏறக்குறைய 7,500 பேர் கலந்துகொண்டார்கள். ஆகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. இழப்பை டாலரில் மாற்றிப் பார்த்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல் என்றார்கள். பின்னர் அந்தச் சிதைவுகளை நினைவுச் சின்னமாக அங்கேயே வைத்தது சிசிபி.

அந்த நாளுக்காகவும் நிறுவனம் கதை எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினால் சர்வர் திணறும். அப்போது விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகம் வரை மெதுவாக்கும் ‘டைம் டைலேஷன்’ என்ற ஏற்பாட்டை அதற்கு முன்பே செய்து வைத்திருந்தார்கள். விளம்பரத்தில் போட முடியாத வேலை இது. என்னைக் கேட்டால் பத்து அரக்கர்களை விட இதுதான் பெரிய கன்டென்ட்.

அதே சிசிபி 2011இல் ‘இன்கார்னா’ என்ற அப்டேட்டில் ஆட்டக்காரரைக் கப்பலிலிருந்து இறக்கி ஓர் அறைக்குள் நடக்க விட்டது. காசு கொடுத்து வாங்கும் அலங்காரப் பொருள்களையும் கடையில் வைத்தது. ஒற்றைக் கண்ணில் அணியும் கண்ணாடி ஒன்றின் விலை அறுபது டாலரைத் தாண்டியது. ஆட்டக்காரர்கள் ஜிட்டா என்ற சந்தை மண்டலத்தில் திரண்டு அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். சில மாதங்கள் கழித்து நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், வேலை மறுபடி கப்பல்கள் பக்கம் திரும்பியது. அந்த அறையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கயல். புதிதாக இருந்தது, அழகாகவும் இருந்தது, ஆனால் யாரும் யாரையும் அங்கே சந்திக்க முடியாது. உன் மாத அரக்கர்களைப் பார்த்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பாய். 1997 செப்டம்பரில் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ அதைச் செய்து பார்த்தது. புல் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு என்று ஓர் உயிர்ச்சூழலையே வடிவமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் விலங்குகள் பெருகும் வேகத்துக்கு மேல் கொன்று தீர்த்ததால் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. நகர எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம், உடைமைகளைப் பறிக்கலாம். பலமானவர்களுக்கு அது சுதந்திரமாக இருந்தது. நேற்றுச் சேர்ந்த புதியவருக்கோ ஊரை விட்டு வெளியே கால் வைக்க முடியாத நிலை. 2000இல் உலகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய விதிகளோடு ஃபெலுக்கா, சம்மதமில்லாமல் தாக்க முடியாத ட்ராமெல். பெரும்பாலோர் ட்ராமெலுக்குக் குடிபோனார்கள். அன்றைய ஆபத்தோடு உயிர்ப்பும் போய்விட்டதென்று இன்றும் வருந்துகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் புதியவர் பக்கம்தான். பத்துப் பேரின் சுதந்திரம் நூறு பேரை வீட்டுக்குள் அடைக்குமானால் அதற்கு எல்லை வகுப்பது வடிவமைப்பாளரின் கடமை.

புதிதாக எதைச் சேர்ப்பது என்பதையே ஆட்டக்காரர்களிடம் கேட்கும் வழியும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனம், தன் ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டின் 2007ஆம் ஆண்டு வடிவத்தை 2013இல் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்று திரும்பக் கொண்டுவந்தது. அதில் பெரிய மாற்றங்கள் பொதுவாக வாக்கெடுப்புக்குப் போகும். முதலில் 75 சதவீதம் பேர் ஆம் என்றால்தான் நிறைவேறும், 2022இல் அதை 70 ஆக்கினார்கள். கடலோடும் திறனைச் சேர்க்கும் யோசனை 2015இல் தோற்று, பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி வந்து ஒப்புதல் பெற்றது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்களிப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். நாளை வரப்போகிறவருக்கு அங்கே வாக்கு இல்லை, அவருக்காக நீதான் பேச வேண்டும்.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். நாற்பது குவெஸ்டில் எட்டை வைத்துக்கொள், புதியவருக்கு வழிகாட்ட அவை போதும். ஆறு நாடுகளை இரண்டாக்கு. ஒன்றில் மட்டும் கிடைக்கும் பொருள் மற்றதற்குக் கட்டாயம் தேவைப்படட்டும், நடுவே ஒரே ஒரு கணவாய் இருக்கட்டும். அந்தக் கணவாயில் யார் சுங்கம் கேட்பார், யார் துணைக்கு வருவார் என்பதை நீ எழுதாதே. பொருள்கள் தேயவும் உடையவும் விடு. ஆனால் ஒருவர் முழுக்க இழந்த பிறகும் மறுநாள் எழுந்து வர ஒரு பிழைப்பு இருக்கட்டும், விறகு வெட்டுவதாக இருந்தாலும் சரி. மாத அப்டேட் என்று தேதி குறிக்காமல், ஆட்டக்காரர்கள் தாங்களாகவே எதைச் செய்யத் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து அதற்கான கருவியைக் கொடு. சந்தைக்கு விலைப்பலகை கேட்பார்கள், கூட்டணிக்குப் பொதுக் கிடங்கு கேட்பார்கள்.

இதையெல்லாம் நிரலில் ஏற்றும் முன் உன் மூன்று நண்பர்களோடு காகிதத்தில் ஆடிப் பார். நால்வருக்கும் நான்கு தொழில், ஒரு கணவாய். யார் யாரோடு சேர்ந்தார்கள், யாருக்குக் கோபம் வந்தது, எந்த விதியை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள் என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா