தளம் சுத்திக்கிட்டே இருக்கா? சர்வரின் கணக்கேட்டைத் தெரிஞ்சுக்குவோம்!

விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். படிவத்தை முழுசா நிரப்பியாச்சு. 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால் வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. கோளாறு நம்ம போனிலா, சிக்னலிலா, இல்லை அந்தப் பக்கம் இருக்கிற சர்வரிலா? இதைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு கணக்கேடு சர்வருக்குள்ளேயே எழுதப்படுகிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் புகாருக்கும் வலு கூடும்.

எதையெல்லாம் அளக்கிறார்கள்?

நீங்கள் போனில் திறக்கும் பக்கத்தை அனுப்பி வைக்கும் கணினிதான் சர்வர். அதை ஒரு ரேஷன் கடையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

• சிபியு: பில் போடுபவர். எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறார்?
• மெமரி: பொருளை எடுத்து வைக்கும் மேசை. இடம் மிச்சம் இருக்கிறதா?
• டிஸ்க்: பின்னால் இருக்கும் கிடங்கு. கேட்ட மூட்டை எவ்வளவு சீக்கிரம் வருகிறது?
• நெட்வொர்க்: கடை வாசல். ஒரே நேரத்தில் எத்தனை பேர் போய் வர முடிகிறது?

சில நேரம் பில் போடுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார், ஆனால் வரிசை நகராது. ஏன்? கிடங்கிலிருந்து மூட்டை வரவில்லை! சர்வரிலும் இப்படி நடக்கும். சிபியு காத்திருக்கும், டிஸ்க்தான் திணறும். அதனால்தான் ஒரு அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

உலகின் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதில் பலரும் பயன்படுத்தும் இலவசக் கருவித் தொகுப்பின் பெயர் 'சிஸ்ஸ்டாட்'. அது இரண்டு வேலைகளைப் பிரித்துச் செய்கிறது.

முதல் வேலை, சேகரிப்பது. வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா அளவுகளையும் குறித்து, அன்றைய தேதிக்கான கோப்பில் சேர்த்துவிடும்.

இரண்டாவது வேலை, அறிக்கை தருவது. இதைச் செய்யும் கட்டளையின் பெயர் 'சார்' (நாம மரியாதையா கூப்பிடுற சார் இல்லீங்க!). 'நேற்று காலை 10 மணி முதல் 11 மணி வரை சிபியு எப்படி இருந்தது?' என்று கேட்டால் அட்டவணையாகக் காட்டும்.

இந்தக் கோப்புகள் காலத்துக்கும் இருக்காது. சில அமைப்புகளில் 7 நாள், சிலவற்றில் 28 நாள் என்று கணக்கு வைத்து, பழையதை அழித்துவிடும். அழிந்த பிறகு 'அன்னிக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டால் பதில் சொல்ல ஏடு இல்லை.

சராசரியை நம்பலாமா?

ஒரு தேர்வு முடிவு சரியாக 10 மணிக்கு வெளியாகிறது. முதல் 1 நிமிடம் சிபியு 100 சதவீதம் திணறுகிறது. அடுத்த 9 நிமிடம் 10 சதவீதம்தான். 10 நிமிடச் சராசரி போட்டால் 19 சதவீதம்! அறிக்கையைப் பார்த்தால் 'எல்லாம் நல்லாத்தான் இருந்தது' என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே வர முடியாமல் தவித்தவர்கள் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறார்கள். எனவே கூட்டம் வரும் நாட்களில் 1 நிமிடத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் அதைவிட அடிக்கடி அளவு எடுக்கும்படி மாற்றி வைப்பது நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. நேரத்தைக் குறியுங்கள். 'காலையில வேலை செய்யல' என்பதைவிட 'காலை 10.04 மணிக்கு நின்றது' என்பது நூறு மடங்கு உதவும். கணக்கேட்டில் அதே நேரத்தைத் தேடிப் பார்க்க முடியும்.

2. திரையில் வரும் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 5-இல் தொடங்கும் 500, 503, 504 போன்ற எண்கள் வந்தால் பொதுவாகக் கோளாறு சர்வர் பக்கம். 404 வந்தால் அந்த முகவரியில் பக்கம் இல்லை என்று அர்த்தம். முகவரியைச் சரிபாருங்கள்.

3. திரும்பத் திரும்ப ரீஃப்ரெஷ் பண்ணாதீங்க. ஒவ்வொரு முறையும் வரிசையில் புதிதாக ஒரு ஆள் நிற்பது போலத்தான். நெரிசல்தான் கூடும்.

4. பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிட்டால், மறுபடி கட்டுவதற்கு முன் வங்கிக் குறுஞ்செய்தியையும் விண்ணப்ப நிலையையும் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

5. புகாரை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஏடு அழியும் முன் பார்க்க வேண்டுமே!

உங்கள் விவரம் பாதுகாப்பா?

'சார்' காட்டும் கணக்கில் உங்கள் பெயரோ, ஆதார் எண்ணோ, கைப்பேசி எண்ணோ இருக்காது. வேலைப் பளு எவ்வளவு என்ற எண்கள் மட்டுமே இருக்கும். அதாவது, சர்வர் திணறியதை அது சொல்லும். விண்ணப்பிக்க முடியாமல் போனது நீங்கள்தான் என்று சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நேரத்தோடும் ஸ்கிரீன்ஷாட்டோடும்.